படகுக்கு நாமே செய்யும் மின்னணுக் கண்காணிப்பு: எங்கிருந்து தொடங்குவது

முப்பதடி நீளமும் டீசல் என்ஜினும் 12 வோல்ட் மின்னமைப்பும் கொண்ட பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருப்பதாகவும், வார நாள்களில் அது ஆளில்லாமல் மிதவையில் கட்டப்பட்டுக் கிடப்பதாகவும், பேட்டரி, என்ஜின், அடித்தளத்தில் சேரும் தண்ணீர் ஆகியவற்றைக் கரையிலிருந்தே கவனிக்கும்படி ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி போர்டு ஒன்றையும் சில சென்சார்களையும் வைத்து நீங்களே ஓர் அமைப்பைச் செய்ய விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்த போர்டை வாங்குவது, எந்த மென்பொருளைப் போடுவது என்பது உங்கள் கேள்வி. செய்ய முடியும், கடையில் விற்பதைவிட உங்கள் படகுக்குப் பொருத்தமாகவே செய்ய முடியும். ஆனால் போர்டும் மென்பொருளும் இதில் எளிதான பாதி. மின்சாரம், ஈரம், கம்பி இணைப்பு ஆகிய மூன்றும்தான் ஓர் அமைப்பு இரண்டு மழைக்காலங்களைத் தாண்டுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. அதனால் பதிலை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஒரு விதியை வகுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் அமைப்பு பார்க்கலாம், சொல்லலாம், எதையும் இயக்கக் கூடாது. பில்ஜ் எனப்படும் படகின் அடிப்பள்ளத்தில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் ஏறி மிதவைச் சுவிட்ச் எழுந்தால் பம்ப் ஓட வேண்டும் என்பது, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக நேரே செல்லும் கம்பிகளால் நடந்துவிடுகிற காரியம். அதன் நடுவே ஒரு ரிலேயையும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) நிரலையும் நுழைத்தால், நிரல் உறைந்துபோகும் இரவில் படகும் போய்விடும். பம்ப் ஓடுகிறதா இல்லையா என்று பார்க்கும் ஓர் உள்ளீடு மட்டுமே உங்களுக்குத் தேவை. என்ஜினை நிறுத்தும் சாதனம், நேவிகேஷன் விளக்குகள், சுக்கான் எதற்கும் இதுவே விதி. முழு அமைப்பையும் பிடுங்கிக் கடலில் எறிந்தாலும் படகு முன்போலவே ஓடிக் கரை சேர வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத வரைபடத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் ஏற்பதில்லை.

படகில் 12 வோல்ட் என்பது பெயரளவில்தான் 12. என்ஜினை ஸ்டார்ட் செய்யும் நொடியில், அதே பேட்டரியைப் பகிர்ந்துகொள்ளும் சுற்றில் 9 வோல்டுக்கும் கீழே இறங்கலாம். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும்போது 14.4 வோல்டுக்கு ஏறும். பெரிய மோட்டார் ஒன்று நிற்கும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு உயரமான மின் துடிப்புகள் கம்பியில் ஓடும். ஆகவே பேட்டரியிலிருந்து வரும் கம்பியில் முதலில் ஃபியூஸ், அதன்பின் துடிப்புகளை உறிஞ்சும் டிவிஎஸ் டையோடு, அதன்பின் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும், 36 வோல்டாவது தாங்கும் பக் கன்வெர்ட்டர் என்ற வரிசை வேண்டும். ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். அமெரிக்கப் படகுக் கட்டுமானத் தரமான ஏபிஒய்சி இ-11 இதற்குப் பொது விதியாக ஏழு அங்குலம் என்ற எல்லையை வைத்திருக்கிறது. ஃபியூஸ் காப்பது கம்பியைத்தான், கருவியை அல்ல. அதற்கு முந்திய கம்பி எங்காவது உரசிச் சுருக்குச் சுற்றானால் அதைத் தடுக்க எதுவுமில்லை என்பதே காரணம். கன்வெர்ட்டர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்எம்2596 என்ற சில்லு 40 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருக்கும், அது உண்மைதான். ஆனால் மலிவான போர்டில் அதன் பக்கத்தில் பற்றவைத்திருக்கும் உள்ளீட்டுக் கெபாசிட்டரின் மேல் 35 வோல்ட் என்றோ அதற்கும் குறைவாகவோ அச்சிட்டிருக்கும். போர்டின் தாங்குதிறன் அந்தச் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது.

இதே கன்வெர்ட்டர் இன்னொரு தொல்லையையும் கொண்டுவரும். அது வேகமாக மின்சாரத்தை வெட்டி வெட்டி இயங்குவதால் ரேடியோ இரைச்சலை உமிழ்கிறது. கடல்வழி விஎச்எஃப் ரேடியோ ஏறத்தாழ 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் 161.975, 162.025 ஆகிய இரு அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. மலிவான கன்வெர்ட்டரும் எல்இடி விளக்கின் டிரைவரும் இந்த வட்டாரத்தை மூழ்கடித்துவிடக்கூடும், அதுவும் உங்களுக்குத் தெரியாமலேயே. சோதனை எளிது. ரேடியோவில் ஆளில்லாத சேனல் ஒன்றைத் தேர்ந்து, இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச் குமிழை இரைச்சல் நின்றும் நிற்காததுமான எல்லையில் வைத்துவிட்டு, உங்கள் அமைப்பை இயக்குங்கள். இரைச்சல் மீண்டும் கிளம்பினால் குற்றவாளி பிடிபட்டுவிட்டது. ஃபெரைட் வளையம், உலோகப் பெட்டி, ஆன்டெனா கேபிளிலிருந்து தூரம் ஆகியவை உதவும். உதவாவிட்டால் கன்வெர்ட்டரை மாற்றுங்கள். அவசரத்தில் உதவி கேட்கும் ரேடியோவைச் செவிடாக்கும் கண்காணிப்பு அமைப்பால் யாருக்கும் பயனில்லை.

இனி, எந்த போர்டு என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ராஸ்பெர்ரி பை 4 தோராயமாக 5 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 120 வாட்-மணி, அதாவது 12 வோல்டில் 10 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் கெடுதலில்லாமல் எடுக்க முடியும் என்பதால், சோலார் தகடு இல்லாத படகில் திங்கட்கிழமை விட்டுவிட்டு வந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கண்காணிப்பு அமைப்பே பேட்டரியைத் தின்று முடித்திருக்கும். ஆளில்லாத படகில் பை எந்நேரமும் ஓடக் கூடாது. எப்போதும் விழித்திருக்கும் வேலையை இஎஸ்பி32 போன்ற நுண்கட்டுப்படுத்தியிடம் கொடுங்கள். நீங்கள் படகில் இருக்கும்போது மட்டும் வரைபடம், பதிவுகள், திரை ஆகியவற்றுக்குப் பையை இயக்குங்கள். இஎஸ்பி32 சில்லு ஆழ்ந்த உறக்கத்தில் சுமார் 10 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும் என்று படித்திருப்பீர்கள். அது சில்லின் கணக்கு. யுஎஸ்பி சில்லும் ரெகுலேட்டரும் சிவப்பு விளக்கும் சேர்ந்த போர்டு அதைவிடப் பல மடங்கு எடுக்கும். வாங்கிய போர்டை மல்டிமீட்டரில் அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்பதை மின்னழுத்தத்தைக் கொண்டு சொல்வது பழைய முறை. ஈய-அமில பேட்டரி சில மணி நேரம் சும்மா இருந்தபின் 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.1 அல்லது 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதி. விளக்கு எரிந்துகொண்டிருந்தாலோ சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தாலோ இந்த எண்கள் பொய் சொல்லும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இந்த முறைக்கே இடமில்லை. அதன் பெரும்பகுதிக் கொள்ளளவிலும் மின்னழுத்தம் 13.2 வோல்டை ஒட்டியே அசையாமல் நின்று, கடைசியில் திடீரென்று சரியும். அதற்கு உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டத்தை எண்ணத்தான் வேண்டும்.

எண்ணுவதற்கு ஷண்ட் என்ற தடித்த, மிகக் குறைந்த மின்தடை கொண்ட உலோகத் துண்டும், ஐஎன்ஏ226 என்ற சில்லும் போதும். கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 500 ஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட் தரும் ஷண்டின் மின்தடை 0.1 மில்லி ஓம். ஐஎன்ஏ226 அளக்கும் மிகச் சிறிய படி 2.5 மைக்ரோவோல்ட், அது இந்த ஷண்டில் 25 மில்லி ஆம்பியர். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சில்லுக்கு 10 மைக்ரோவோல்ட் வரை பூச்சியப் பிழை இருக்கலாம். அது இந்த ஷண்டில் 0.1 ஆம்பியர், அதாவது எதுவும் ஓடாத பேட்டரியில் நாளொன்றுக்கு 2.4 ஆம்பியர்-மணி வந்ததாகவோ போனதாகவோ காட்டும் பொய். 100 ஆம்பியருக்கு 75 மில்லிவோல்ட் தரும் ஷண்டை எடுத்தால் அதே பிழை 13 மில்லி ஆம்பியராகச் சுருங்குகிறது; 75 மில்லிவோல்ட் சில்லின் 81.92 மில்லிவோல்ட் எல்லைக்குள்ளும் அடங்குகிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும் என்பதால் அந்த பேட்டரியை விட்டுவிட்டு, விளக்கும் கருவிகளும் ஓடும் பேட்டரியில் மட்டும் ஷண்டைப் பொருத்துங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பூச்சியத்தைத் திருத்துங்கள். ஒவ்வொரு முழுச் சார்ஜின்போதும் எண்ணிக்கையை நூறு சதவீதத்துக்கு மீட்டமையுங்கள். இந்த மீட்டமைப்பு இல்லாத எண்ணி ஒரு மாதத்தில் வெறும் கற்பனை எண்ணைக் காட்டத் தொடங்கும். எதிர்முனைக் கம்பிகள் அனைத்தும் ஷண்டின் மறுபக்கத்திலிருந்தே வர வேண்டும். பின்னாளில் யாராவது புதிய விளக்கு ஒன்றின் கம்பியை நேரே பேட்டரி முனையில் முறுக்கினால் அந்த மின்னோட்டம் கணக்கில் வராது. அந்த முனையின் மேல் ஓர் எச்சரிக்கைச் சீட்டை ஒட்டிவைப்பது நல்லது.

பில்ஜ் தண்ணீரைக் கண்காணிக்க மீயொலி சென்சார், அழுத்த சென்சார் என்று பலரும் தேடிப்போகிறார்கள். எண்ணெய்ப் படலமும் குப்பையும் சேரும் அந்தப் பள்ளத்தில் அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. தண்ணீர் மட்டத்தைவிடப் பம்ப் எத்தனை முறை ஓடுகிறது என்ற எண்ணே அதிகம் பேசும். வழக்கமாக நாளுக்கு ஓரிருமுறை ஓடும் பம்ப் ஒரு மணி நேரத்தில் நான்குமுறை ஓடினால், பள்ளம் வறண்டு கிடந்தாலும் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். புரொப்பெல்லர் தண்டின் சீலோ, குழாய் கிளாம்போ விட்டிருக்கும். பம்பின் இரு முனைகளுக்கு இடையே 2.2 கிலோ ஓம் மின்தடை ஒன்றையும் ஒளி வழியாகச் சமிக்ஞையைக் கடத்தும் பிசி817 ஆப்டோகப்ளர் ஒன்றையும் வரிசையாக இணையுங்கள். 12 வோல்டில் ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர், சார்ஜ் ஏறும்போது 6. கால் வாட் மின்தடை சூடேறாமல் தாங்கும். பம்ப் மோட்டாரின் துடிப்புகள் ஒளிக்கதிரின் மறுபக்கம் இருக்கும் இஎஸ்பி32-ஐத் தொடாது. முதல் மிதவைச் சுவிட்சுக்குச் சற்று மேலே இன்னொரு மிதவைச் சுவிட்சைப் பொருத்தி, அதை நேரே ஒரு சைரனோடு இணைத்து, இதேபோன்ற ஆப்டோகப்ளர் வழியாகவும் கவனியுங்கள். அது எழுந்தால் பம்ப் தோற்றுவிட்டது. உடனே செய்தி போக வேண்டும்.

என்ஜினில் முதலில் அளக்க வேண்டியது எண்ணெய் அழுத்தமோ சுழற்சி வேகமோ அல்ல; புகைபோக்கிக் குழாயின் வெப்பம். உங்கள் டீசல் என்ஜினில் கடல்நீர் சுற்றிவந்து கடைசியில் புகையோடு கலந்து ரப்பர் குழாய் வழியாக வெளியேறுகிறது. கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கிழிந்தாலோ, உறிஞ்சும் வாயை பாலிதீன் பை அடைத்தாலோ, டாஷ்போர்டில் இருக்கும் வெப்பமானி அசையும் முன்பே அந்த ரப்பர் குழாய் கொதிக்கத் தொடங்கிவிடும். தண்ணீர் கலக்கும் முழங்கைக்குச் சற்றுப் பின்னால், குழாயின் வெளிப்புறத்தில், டிஎஸ்18பி20 சென்சாரை இறுக்கிக் கட்டினால் சில நிமிட முன்னெச்சரிக்கை கிடைக்கும். இந்தச் சென்சாரில் ஒரு பொறி இருக்கிறது. மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டு மீண்டால், புதிதாக அளக்கும் வரை அது 85 டிகிரி என்ற எண்ணையே திருப்பித் தரும்; அதன் பதிவேட்டின் தொடக்க மதிப்பு அது. இணைப்பு அறுந்தால் பெரும்பாலான நிரல் நூலகங்கள் கழித்தல் 127 என்று தரும். என்ஜின் சூடேறினால் வரக்கூடிய எண்ணும் 85-ஐ ஒட்டியதுதான் என்பதால், சரியாக 85.0 என்று ஒரே ஒருமுறை வந்தால் தள்ளிவிட்டு, அடுத்தடுத்த அளவீடுகள் படிப்படியாக ஏறுகின்றனவா என்று நிரல் பார்க்க வேண்டும். கழித்தல் 127-ஐ மட்டும் ஒருபோதும் தள்ளிவிடாதீர்கள். சென்சார் அறுந்தது என்பதும் ஒரு செய்திதான்.

சுழற்சி வேகத்துக்கு ஆல்டர்னேட்டரின் சுழற்சியை மின் அலைகளாக வெளியே தரும் டபிள்யூ முனை வசதியானது. 12 துருவ ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 6 அலைகள் தரும். பெல்ட் கப்பியின் விகிதம் இரண்டுக்கு ஒன்று என்றால் என்ஜினின் ஒரு சுற்றுக்கு 12 அலைகள். நிமிடத்துக்கு 1,800 சுற்றில் 360 ஹெர்ட்ஸ். எண்ணெய் அழுத்தத்துக்கும் எரிபொருள் மட்டத்துக்கும் ஏற்கெனவே இருக்கும் சென்டர்களையே (அளவுக்கேற்ப மின்தடை மாறும் உணரிகள்) பயன்படுத்தலாம். ஐரோப்பிய வகை 10 முதல் 180 ஓம், அமெரிக்க வகை 240 முதல் 33 ஓம். பழைய முள் மீட்டர் இன்னும் இணைந்திருந்தால் அதே சென்டருக்கு இன்னொரு மின்னோட்டத்தைக் கொடுக்காதீர்கள். இரண்டுமே பொய் காட்டும். சென்டர் முனையின் மின்னழுத்தத்தை மட்டும், உயர் மின்தடைப் பிரிப்பான் வழியாக, ஏடிஎஸ்1115 சில்லைக் கொண்டு அளவிடுங்கள். இஎஸ்பி32-இன் சொந்த மின்னழுத்த அளவி, வரம்பின் இரு ஓரங்களிலும் பிழையாகக் காட்டும். உங்களுடையது டீசல் என்பதால் ஒரு பெருங்கவலை குறைவு. பெட்ரோல் என்ஜின் அறையாக இருந்தால், ஆவியைப் பற்றவைக்காது என்று ஐஎஸ்ஓ 8846 போன்ற தரப்படி சான்று பெறாத ரிலேயோ போர்டோ அங்கே நுழையவே கூடாது என்று எழுதியிருப்பேன்.

படகில் ஏற்கெனவே உள்ள கருவிகளோடு பேச இரண்டு மொழிகள் உண்டு. 1983இல் வந்த என்எம்இஏ 0183, நொடிக்கு 4,800 பிட் வேகத்தில் எழுத்து வரிகளாக வருவது. ஏஐஎஸ் மட்டும் 38,400. பெரும்பாலும் டாலர் குறியில் தொடங்கி, நட்சத்திரக் குறிக்குப் பின் இரண்டு எழுத்துச் சரிபார்ப்பு எண்ணோடு முடியும் வரிகளைக் கண்ணாலேயே படித்துவிடலாம். அதன் கம்பியை நேரே பையின் 3.3 வோல்ட் பின்னில் செருகினால் பின் எரியும். ஆர்எஸ்-422 ஏற்பி அல்லது ஆப்டோகப்ளர் இடையில் வேண்டும். பிந்தைய என்எம்இஏ 2000, கார்களில் உள்ள கேன் பஸ்ஸின் மேல் நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் இயங்குகிறது. முதுகெலும்புக் கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம் டெர்மினேட்டர் இருக்க வேண்டும். கிளைக் கேபிள் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஏதாவது கோளாறென்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு தரவுக் கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் காட்டினால் சரி, 120 என்றால் ஒரு டெர்மினேட்டர் இல்லை, 40 என்றால் ஒன்று கூடுதல். அந்தத் தரத்தின் ஆவணங்கள் விலைக்குரியவை; கேன்போட் என்ற திறமூலத் திட்டம் அவற்றின் செய்தி வகைகளைப் பெருமளவு வெளியிலிருந்தே கண்டுபிடித்துத் தொகுத்திருக்கிறது. இஎஸ்பி32-ஐ இதில் இணைக்க எஸ்என்65எச்விடி230 போன்ற டிரான்ஸீவர் போதும். ஆனால் கேட்பதற்கு மட்டும் என்ற நிலையில் அமைத்துத் தொடங்குங்கள். அதே கேபிளில் தன்னியக்கச் சுக்கானும் பேசிக்கொண்டிருக்கும். தவறான ஒரு காற்றுத் திசைச் செய்தியை நீங்கள் அனுப்பினால் அது அதை நம்பித் திரும்பும்.

மென்பொருளுக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பையில் படகின் தரவுகளைத் திரட்டித் தரும் சிக்னல் கே சேவையகம், வரைபடத்துக்கு ஓப்பன்சிபிஎன், இரண்டையும் ஒன்றாகத் தரும் ஓப்பன்பிளாட்டர். இஎஸ்பி32-இல், அளவீடுகளைச் சிக்னல் கேக்கு அனுப்பும் சென்ஸ்ஈஎஸ்பி நூலகம். சிக்னல் கே எல்லாவற்றையும் எஸ்ஐ அலகில் வைத்திருக்கும் என்பதால் வெப்பம் கெல்வினிலும் வேகம் நொடிக்கு மீட்டரிலும் கோணம் ரேடியனிலும் வரும். 27 டிகிரி அறை 300.15 என்று காட்டினால் திடுக்கிட வேண்டாம். பையின் எஸ்டி கார்டு, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கெடும்; படகில் மின்சாரம் போகத்தான் செய்யும். ஓவர்லே கோப்பு முறையை இயக்கிக் கார்டை வாசிக்க மட்டும் என்று மாற்றுங்கள். பதிவுகளை யுஎஸ்பி எஸ்எஸ்டி ஒன்றில், நொடிக்கு ஒன்றாக அல்லாமல் நிமிடத்துக்கு ஒன்றாக எழுதுங்கள்.

கரைக்குச் செய்தி அனுப்புவதில், கோளாறு வந்தால் தகவல் சொல் என்று படகை நம்பியிருப்பது போதாது. பேட்டரி செத்த படகு எதையும் சொல்லாது. படகு மணிக்கொருமுறை நலம் என்று சொல்ல வேண்டும். அது மூன்று மணி நேரம் வராவிட்டால் கரையிலிருக்கும் சேவையகம் உங்களை எழுப்ப வேண்டும். மிதவை கரையோரத்தில் இருந்தால் 4ஜி மோடம் போதும். செல்பேசி எட்டாத முகத்துவாரத்தில் குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் லோரா ரேடியோ உதவும்; இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, ஆற்றல் வரம்புக்குட்பட்டு, உரிமமின்றிப் பயன்படுத்தலாம். இரிடியம் போன்ற செயற்கைக்கோள் மோடங்களை வைத்து வெளிநாட்டினர் செய்துகாட்டுவதைப் பார்த்துவிட்டு இறக்குமதி செய்துவிடாதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் அவற்றை வைத்திருப்பதே இங்கே குற்றம். மீன்பிடிப் படகுகளுக்கென்று இஸ்ரோ தொழில்நுட்பத்தில் இருவழிச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அது வேறு வழி, உங்கள் உல்லாசப் படகுக்கு உரியதல்ல. ஏஐஎஸ் அலையைக் கேட்பதற்கு மலிவான யுஎஸ்பி ரேடியோ ஏற்பி போதும். அனுப்புவதற்குச் சான்று பெற்ற கருவிதான் வேண்டும்.

கம்பியைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. வீட்டு வயரிங்குக்கான வெறும் செம்புக் கம்பி உப்புக் காற்றில் உள்ளுக்குள்ளேயே கறுத்துப்போகும்; உறையைச் சீவினால் ஒரு சாண் உள்ளே வரை கருமை தெரியும். வெள்ளீயம் பூசிய பல இழைக் கம்பி, சரியான கிரிம்பர், உள்ளே பசை பூசிய சுருங்குகுழாய் மூன்றும் வேண்டும். ஆடிக்கொண்டேயிருக்கும் படகில் பற்றாசு வைத்த இடத்தின் ஓரத்தில்தான் கம்பி ஒடியும். 12 வோல்ட் உள்ள எந்த இணைப்பும் பில்ஜ் தண்ணீரில் கிடக்கக் கூடாது. அந்தக் கசிவு மின்னோட்டம் வெண்கல வால்வுகளைச் சில வாரங்களிலேயே அரித்துவிடும். போர்டுகளுக்கு ஈரத்தைத் தடுக்கும் கன்ஃபார்மல் பூச்சு அடியுங்கள், இணைப்பான்களை டேப்பால் மறைத்துவிட்டு. காற்றுப் புகாத பெட்டியை நம்பாதீர்கள். பகலில் சூடேறி இரவில் குளிரும் பெட்டி எப்படியும் ஈரத்தை உறிஞ்சும், வெளியேற வழியில்லாததால் அது உள்ளேயே தேங்கும். கேபிள்கள் பெட்டியின் அடிப்பக்கம் வழியாக, ஒரு வளைவு தொங்கி ஏறும்படி நுழையட்டும். அடியில் ஒரு சிறு துளையும் இருக்கட்டும்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். முதல் கட்டத்தில் ஒரு இஎஸ்பி32, ஒரு ஷண்டும் ஐஎன்ஏ226-உம், இரண்டு ஆப்டோகப்ளர்கள், ஒரு கூடுதல் மிதவைச் சுவிட்ச், ஒரு 4ஜி மோடம் மட்டும் போதும். பொருத்திய பின் பில்ஜில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி இரண்டு சுவிட்சுகளும் எழும் வரை பாருங்கள். அமைப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, மௌனத்துக்கான எச்சரிக்கை உங்கள் கைபேசிக்கு வருகிறதா என்று மூன்று மணி நேரம் காத்திருங்கள். ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் எண் ஒட்டி, வரைபடத்தைக் காகிதத்தில் அச்சிட்டுப் பெட்டியின் மூடிக்கு உள்ளே வைத்துவிடுங்கள். புகைபோக்கி வெப்பத்தை இரண்டாம் கட்டத்தில் சேர்க்கலாம். என்எம்இஏ 2000-ஐத் தொடுவது, முதலிரண்டும் ஒரு பருவமழையைத் தாண்டி ஒழுங்காக ஓடிய பிறகு.